நான்காம் அங்கத்துப் படகோட்டி

எழும்பூர். நூலகத்தின் பின்கட்டு.
ஏ.சி. ஸ்கேனருக்கு; குளிர் எனக்கும் கொஞ்சம்.
நாளொன்றுக்கு அறுநூறு பக்கம்.
புரட்டினால் காசு,
படித்தால் கிடையாது.

படித்தேன்.

இங்கிலீஷ் துன்பியல் நாடகங்களைப் பற்றி
இரண்டு பாகம் எழுதியிருக்கிறார் ஒரு கனவான்.
கப்பலில் உப்புக்காற்று வாங்கி
இங்கே கரையானுக்கு வாய்த்த புத்தகம்.
பொய்முடி தரித்த காலத்து மனிதர்.
கதை ஒரு பகலுக்குள் முடிந்தாக வேண்டும் அவருக்கு.
அரசர்களுக்கு விக்கல் வரக்கூடாது.
அழுகைக்கு நடுவே யாராவது சிரிக்க வைத்தால்
காபியில் உப்பு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறார்.

ரொம்பக் கோபப்பட்டது 214ஆம் பக்கத்தில்.

செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு
ராணி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.
படகோட்டி வருகிறான்.
பிணத்துக்கு இரட்டைக் கூலி என்கிறான்.
ஏன்?
'உயிரோடு இருப்பவர் என்றால், அம்மா,
படகு சாயும்போது அந்தப்பக்கம் நகர்ந்து உட்காருவார்.
இவர் நகர மாட்டார்.'
முப்பத்திரண்டு வரி பேரம்.

தீர்ப்பு:
கீழ்த்தரம். காலணா டிக்கெட்டுக் கூட்டத்துக்காக
பிற்பாடு எவனோ செருகியது. நீக்குக.

நீக்கினார்கள்.
அதன்பின் நூறு வருஷம் மேடையில்
படகில்லாமலே ஆற்றைக் கடந்தாள் ராணி.

ஓரத்தில் பென்சில்.
வ. கன்னியப்பன், பி.ஏ. சீனியர், 1909.
டிராம் குலுக்கலில் எழுதிய தமிழ்:
'துரை கூத்துப் பார்த்ததில்லை.
ராஜா செத்துக் கிடக்கையில்
கட்டியக்காரன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்பான்.
ஜனம் சிரிக்கும்.
சிரித்த வாயை மூடுவதற்குள் அழும்.
பதினெட்டு ராத்திரி நடக்கும் எங்களுக்கு.
ஒரு பகலாமே, ஒரு பகல்!'

அதற்குக் கீழே மசியில், இரண்டு கோடு போட்டு:
'பரீட்சையில் துரை சொன்னபடியே எழுதவும்.'

நான் நாடகம் பார்க்கிறவள் இல்லை.
ஆனால் அந்தப் படகோட்டியை எனக்குத் தெரியும்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, மார்ச்சுவரி வாசல்,
விடியற்காலை மூன்றே முக்கால்.
வெள்ளைத் துணிக்குள் அப்பா.
வேன்காரர் கேட்டார், எத்தனையாவது மாடி?
மூணாவது. லிஃப்ட் இல்லை.
'அப்ப மாடிக்கு இருநூறு மேனி போட்டுக்குங்க.'
தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்,
'நாளைக்கு இறக்கணுமே, அதுவும் இதுலயே சேர்த்தியா?'
வேன்காரர் நிஜமாகவே யோசித்தார்.
நான் சிரித்துவிட்டேன்.
அவனும்.
காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.
ஒரு நிமிஷம்கூட இருக்காது,
அப்புறம் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதது
வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை.

அந்தச் சிரிப்பை இதுவரை
யாரிடமும் சொன்னதில்லை.
யாரோ பிற்பாடு செருகியது என்றே
நானும் வைத்திருந்தேன்.

கன்னியப்பா,
நீ பாஸானாயா இல்லையா,
எந்த ஆபீஸில் யாருக்குத் தலையாட்டினாய்,
ஒன்றும் தெரியாது.

திரையில் ஒரு கட்டம்: 'கறை நீக்கு.'
வாங்கும்போதே டிக் போட்டு வந்த மென்பொருள்.
டீ வட்டம், பூச்சி, பென்சில்
அதற்கு எல்லாம் ஒன்று.
ஒரு சொடுக்கில் பக்கம் வெளுத்துவிடும்,
நடுவில் கனவானின் தீர்ப்பு மட்டும்
இஸ்திரி போட்ட சட்டை போல.

டிக்கை எடுத்தேன்.

சாயங்காலம் மேற்பார்வை ஜெசிந்தா மேடம்
பெரிதாக்கிப் பார்த்துக் கேட்டார்,
'214 ஏன் அழுக்கா இருக்கு?'
'அச்சுலேயே அப்படித்தான் மேடம்.'
கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.
'தமிழ்லயா?'
'ஆமா மேடம்.'
என்ன நினைத்தாரோ, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

முதல் பாகம் போன வாரமே முடிந்து
மூட்டை கட்டிக் கிடங்குக்குப் போய்விட்டது.
முந்நூற்று எண்பது பக்கம்.
படிக்கவில்லை அதை.
சுத்தமாக வந்திருக்கிறது என்று
பாராட்டுக்கூடச் சொன்னார்கள்.